பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா

ஜூன் 9, திங்கள்

மைத்துனன் தீனா நேற்று சாயங்காலம் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினான். உள்ளே டி.வி.யில் பொருத்தி விளையாடும் கருவி ஒன்று, கூடவே கால்பந்து கேம் ஒன்று. அவன் வேலை பார்க்கும் கடையில் காட்சிக்கு வைத்திருந்ததாம். "பாப்பா வீட்லயே கெடக்குதே மாமா, அதான்" என்றான். அவன் அக்கா, அதாவது என் மனைவி மேகலா, அவனை ஒரு பார்வை பார்த்தாள். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் நிற்பவனைக் கண்டக்டரான நான் அப்படிப் பார்க்கப் பல வருஷமாக முயற்சி செய்கிறேன், வரவில்லை.

"ஓடக் கூடாதுன்னு சொன்ன புள்ளைக்கு ஓடுற ஆட்டத்தை வாங்கினு வந்திருக்கியே. சக்கரை இருக்கறவன் வீட்டுக்கு லட்டு டப்பா எடுத்துனு போவியா நீ?"

தீனா காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

எங்கள் மகள் சங்கமித்ராவுக்குப் பதின்மூன்று வயது. ஏப்ரல் வரை எங்கள் ஏரியா பெண்கள் அணியில் வலது ஓரத்தில் ஆடினாள். வியாசர்பாடியில் அந்த ஓரத்தில் ஓடுகிற பிள்ளை என்றால் இவள்தான். ஏப்ரலில் ஒரு மேட்ச்சில் பந்தைத் துரத்திக்கொண்டு போனவள் அப்படியே விழுந்தாள். இதயத்தின் தசை பிறவியிலேயே தடித்திருக்கிறது என்றார்கள். நடக்கலாம், நிதானமாக மாடி ஏறலாம், ஓடக் கூடாது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை.

மேகலா தீர்ப்புச் சொன்னாள். "முதல்ல நீங்க ஆடிப் பாருங்க. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. அது புள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு எழுதி வையுங்க. சும்மா வாயால சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்." யூனியனில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அதுதான் இது.

பெட்டியின் மேல், மூன்று வயதுக்கு மேற்பட்ட யாரும் ஆடலாம் என்று போட்டிருக்கிறது. வயதைப் போட்டவர்கள், இதயம் எப்படி இருக்க வேண்டும் என்று போடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியான ஷிஃப்ட். காலையில் மித்ரா பள்ளிக்கூடம் போனதும் உட்கார்ந்தேன். கையில் பிடிக்கிற சாமானில் எத்தனை பொத்தான்கள் என்று எண்ணுவதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது. பிறகு நானே என் கோலுக்குள் ஒன்று போட்டேன், இன்னொன்றும் போட்டேன். மொத்தம் ஏழு. இருபது வருஷம் ஏரியாவுக்காக ஆடிய கால்கள் சோபாவில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன, விரல்கள்தான் திணறின.

சண்டை, ரத்தம் எல்லாம் உண்டா என்று மேகலா பார்க்கச் சொல்லியிருந்தாள். தள்ளுமுள்ளு இருக்கிறது. சாயங்காலம் எங்கள் பஸ்ஸில் நடப்பதைவிடக் குறைவு. தவறு செய்தால் நடுவர் அட்டை காட்டி வெளியே அனுப்புகிறார். பஸ்ஸில் அந்த வசதி இல்லை.

அடிபட்டு விழுகிறார்கள். ஒரு ஆட்டக்காரன் விழுந்து எழவில்லை, ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்போது நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஜூன் 13, வெள்ளி

மித்ராவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மாவிடம் கேம் பற்றிக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"உட்கார்ந்து ஆடறதுல தப்பில்ல. ஆனா பரபரப்பு வந்தாலும் இதயம் வேகமாத்தான் அடிக்கும். தனியா ஆட விடாதீங்க. கொஞ்ச நேரம் போதும். படபடன்னு வந்தா உடனே நிறுத்திடணும்."

மித்ரா கேட்டாள், "டாக்டர், எத்தன வருஷம் ஓடக் கூடாது?"

அவர் என்னைப் பார்த்தார், மேகலாவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தே சொன்னார். "இது வருஷக் கணக்கு இல்லம்மா."

"சரி டாக்டர்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மைதானம் வந்தது. மருந்துச் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன், இருந்தது.

"பா, கோல் போஸ்ட்டுக்குப் புது பெயிண்ட் அடிச்சிருக்காங்க, பாத்தியா?"

அப்படியா என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்டர்நெட் வழியாக ஊர் பேர் தெரியாதவர்களோடும் ஆடலாம். ஆடிப் பார்த்தேன். எதிரணிக்காரன் குரலை வைத்துப் பார்த்தால் பத்து வயதுதான் இருக்கும். நான் ஒரு பாஸைத் தவறவிட்டதற்கு என் அம்மாவையும் அவருடைய அம்மாவையும் சேர்த்து இழுத்தான். டிப்போவில்கூட இந்த வார்த்தைகளை யோசித்துத்தான் சொல்வார்கள். தீனாவுக்குப் போன் போட்டு அந்த வழியை அடைத்தேன். ஆட்டக்காரர்களின் படம் போட்ட பொட்டலம் வாங்கு வாங்கு என்று அடிக்கடி திரையில் வந்து நிற்கிறது, அதையும் பூட்டினேன்.

பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் அப்பன் அம்மா இந்த இரண்டையும் அடைத்துவிட வேண்டும். இதை மேகலாவிடம் படித்துக் காட்டினேன். "இது ஒண்ணாவது உருப்படியா எழுதினீங்க" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்றுக்கு இரண்டு. முதல் வெற்றி. பருப்பு தீய்ந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று மித்ராவை ஆட விட்டோம். மேகலா பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மா, கைய விட்டாத்தான் பட்டன அமுக்க முடியும்."

அப்புறம் மேகலா கையை எடுத்து அவள் முதுகில் வைத்துக்கொண்டாள். ஆட்டம் முடியும் வரை எடுக்கவில்லை.

இந்த கேமில் நம்முடைய ஆட்டக்காரரை நாமே உருவாக்கி அணியில் சேர்க்கலாம். மித்ரா ஒரு பெண்ணை உருவாக்கினாள். பெயர் சங்கமித்ரா குணாளன், வலது ஓரம், சுருட்டை முடி. கன்னத்தில் மச்சம் வைக்க இடம் இருக்கிறதா என்று தேடினாள். பிறகு வேகம், பாஸ், உதை, எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று எண் வைக்கச் சொன்னது. அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. "ஹெட்டிங் எனக்கு வராது, நாப்பது போதும்" என்றாள். வேகத்துக்கு மட்டும் தொண்ணூறு வைத்தாள், அது நியாயம்தான்.

ஸ்டாமினா என்று ஒன்று. எவ்வளவு நேரம் களைக்காமல் ஓட முடியும் என்பதற்கான எண். அதைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். பத்துக்குக் கீழே போகவில்லை, அங்கேயே விட்டாள்.

"கேம்தானே, கூட வெச்சுக்கோயேன்" என்றேன்.

"கேம்தான்பா. ஆனா அது நான்தானே."

மேகலா எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு ஹாலுக்கு வந்தது. முன்பெல்லாம் என்றால் மித்ரா அதைக் காலாலேயே தூக்கிச் சமையல் மேடைக்கு அனுப்புவாள். பந்து என்று எது வந்தாலும் கை படாது. ஐந்து வயதில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கை வைத்தால் ஃபவுல் என்று. சாப்பிடுகிற பொருளைக் காலால் தொடாதே என்று மேகலா கத்துவாள். இன்று பழம் சோபாவுக்கு அடியில் போய் நின்றது. அப்புறமாக நான் எடுத்து வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

சோதனைக்காக ஸ்டாமினாவைத் தொண்ணூற்றைந்து ஆக்கிப் பார்த்தேன். எண்ணை மாற்றினால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா.

நன்றாக மாறுகிறது. கடைசி நிமிஷத்தில் வலது ஓரத்தில் பந்தை வாங்கி, இரண்டு பேரை வெட்டி, உள்ளே வந்து இடது காலால் அடித்தாள். மித்ரா நிஜத்தில் அடிப்பதும் இடது காலால்தான். சுருட்டை முடி காற்றில் ஆடியது. அவள் கொடிக்கம்பம் வரை ஓடிப் போய்க் கைகளை விரித்து நின்றாள். இன்னும் மூன்று மேட்ச் ஆடினேன்.

ஜூன் 26, வியாழன்

எண் மறுபடி பத்தில் இருக்கிறது. கேமில் ஏதோ கோளாறு. திரும்ப ஏற்றி வைத்தேன்.

ஜூன் 28, சனி

மறுபடி பத்து. தீனாவிடம் கேட்டேன். "அது தானா மாறாது மாமா. யாராச்சும் மாத்தினாத்தான்" என்றான். இவனுக்கு விற்கத்தான் தெரியும், கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஏற்றிவிட்டேன். அதோடு, ஆட்டக்காரர்களுக்கு அடிபடுவதை நிறுத்தவும் ஒரு இடம் இருக்கிறது. அதையும் நிறுத்தினேன். குழந்தைகள் பார்க்கிற விளையாட்டில் ஸ்ட்ரெச்சர் எதற்கு. இதைப் பெற்றோர் எல்லோரும் கவனிக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

மித்ராவின் சிநேகிதி ஜெசிந்தா வந்தாள். அதே அணி, நடுக்களத்தில் ஆடுகிறவள். பயிற்சி முடித்து நேரே வந்திருந்தாள், முழங்காலில் மைதானத்து மண் இருந்தது. மித்ரா அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும், எழுந்து போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தாள்.

இருவரும் எதிரெதிராக ஆடினார்கள். மேகலா வழக்கம் போல முதுகில் கை வைத்துக்கொண்டாள். இடைவேளைக்குப் பிறகு ஜெசிந்தா சொன்னாள், "ஏய், என் ஆளுங்கல்லாம் மூச்சு வாங்குறாங்க. நீ மட்டும் எப்படிடீ அப்படியே ஓடினு இருக்க?"

மித்ரா ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"கோளாறு" என்றேன். "தீனா மாமாகிட்ட சொல்லியிருக்கேன்."

"சரிப்பா" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

பத்து.

ஜூலை 11, வெள்ளி

மாத்திரையால் அவளுக்குச் சோர்வு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சீருடையோடு தூங்கிவிடுகிறாள். விளையாட்டு வகுப்பு நேரத்தில் அவளை நூலகத்தில் உட்கார வைக்கிறார்களாம். ஜன்னல் இருக்கிறதா அங்கே என்று கேட்டேன். இருக்கு, ஆனா நான் முதுகு காட்டி உக்காந்துப்பேன் என்றாள்.

நான் தனியாக வேறொரு ஆட்டம் தொடங்கிவிட்டேன். அதே பெண்தான், அதே மச்சம், தொண்ணூற்றைந்து. அவளுடைய ஆட்டத்தை இனி தொட வேண்டியதில்லை. என் ஆட்டம் வேறு கணக்கில் இருக்கிறது, அவள் பார்க்க மாட்டாள். சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

லீவு போட்டேன். முதுகு வலி. காலையிலிருந்து ஆறு மேட்ச், எல்லாவற்றிலும் ஜெயித்தோம்.

ஜூலை 18, வெள்ளி

காலை பதினோரு மணிக்கு அவளை கேப்டன் ஆக்கினார்கள்.

நான் ஆக்கவில்லை. கேமே ஆக்கியது. திரையில் அவள் படம் வந்தது, கையில் கேப்டன் பட்டையோடு, கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை எழுத என்ன வெட்கம், வந்தது என்றால் வந்தது.

மத்தியானம் டிப்போவுக்குப் போகும் வழியில் கால் போன போக்கில் ஸ்வீட் கடையில் நின்றேன். மைசூர்பாகு. டிப்போவில் எல்லோருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "பொண்ணு கேப்டன் ஆயிட்டா" என்றேன். வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் பஸ்ஸை ஓட்டுகிற ஏழுமலை என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். ஏப்ரலில் ஆட்டோவைத் தேடாமல் அவளைத் தன் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர் அவர்தான்.

அந்த இடத்தில் விளக்கிச் சொல்லியிருக்கலாம். பஸ் எடுக்க நேரமாகிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஏழுமலை வீட்டுக்கு வந்தார், மனைவியோடு. முன்னால் சொல்லாமல் வந்துவிட்டார். கையில் பை. மேகலா சந்தோஷமாக வரவேற்று உட்கார வைத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"எங்க நம்ம கேப்டன்?" என்றார் ஏழுமலை. "என் பொண்ணு சைஸ்தான் இருக்கும்னு ஒரு கணக்குல வாங்கினேன்மா. போட்டுப் பாரு."

பையில் புது பூட்ஸ் இருந்தது. கீழே பல் வைத்த, மைதானத்துக்குப் போடுகிற பூட்ஸ்.

மேகலா என் பக்கம் திரும்பினாள். நான் மின்விசிறியின் வேகத்தைக் கூட்ட எழுந்தேன்.

ஏழுமலையின் மனைவி மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மைசூர்பாகு சாப்ட்டப்போகூட நான் நம்பலக்கா. டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றார்.

மித்ரா தரையில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினாள். லேஸை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் முடிச்சுப் போட்டாள். பந்தை உதைக்கும்போது முடிச்சு உறுத்தக் கூடாது என்பதற்காக அப்படிப் போடுவது. எழுந்து நின்றாள்.

"சரியா இருக்கு அங்கிள்."

பிறகு என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரித்தாள். "ஆமா அங்கிள், கேப்டன் ஆயிட்டேன். ஆனா கேம்ல. எங்கப்பா பாதிதான் சொல்லியிருப்பாரு, அவர் எப்பவுமே அப்படித்தான். டி.வி.ல ஆடுறது. நெஜத்துல ஓடக் கூடாதே நான்."

தனி ஆட்டம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஏழுமலை என்னைத் திட்டியிருக்கலாம். அவர் டீயைக் குடித்துவிட்டு, "அதுவும் கேப்டன்தான்மா" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது என் தோளைத் தட்டினார். அது எனக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு மேகலா பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டே சொன்னாள், சத்தம் போடாமல். "நானும்தான் அந்தப் புள்ளைய வயித்துல வெச்சிருந்தேன். எனக்கும் ஒரு பெட்டி வாங்கிக் குடுங்க. நானும் நல்லா இருக்குற ஒரு மித்ராவ உள்ள வெச்சுப் பாத்துக்கறேன்."

ஜூலை 21, திங்கள்

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு, துவரம் பருப்பு, மித்ராவின் மாத்திரை வாங்கினேன்.

ஜூலை 27, ஞாயிறு

மித்ரா கேம் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், மேகலா முதுகில் கை வைக்கிற இடத்தில். மேகலா இப்போதெல்லாம் உள்ளே இருந்துவிடுகிறாள்.

மித்ரா தன் அணியைத் தேர்வு செய்தாள். சங்கமித்ரா குணாளனை எடுத்து வெளியே, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் வைத்தாள். வலது ஓரத்தில் வேறொரு பெண்ணைப் போட்டாள். முழு மேட்ச் ஆடினாள். அவளை உள்ளே இறக்கவே இல்லை. பந்து வெளியே போகிற நேரங்களில் பெஞ்சைக் காட்டினார்கள். சுருட்டை முடி, மச்சம், மேலே ஒரு கோட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு மேட்ச், அதிலும் அப்படியே.

கடைசி ஐந்து நிமிஷம் இருந்தது. நம் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம்தானே. பத்து ஸ்டாமினா அதுக்குத் தாங்கும். இறக்கி விடேன்மா."

"வேணாம்பா" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அவ உக்காந்து பழகட்டும்."

தோற்றோம். அவள் நாடியைப் பார்த்தேன், நிதானமாக இருந்தது. என்னுடையதை யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆகஸ்ட் பதினைந்துக்கு எங்கள் ஏரியாவில் கொடி ஏற்றியதும் மேட்ச் நடக்கும். பெண்கள் அணியும் ஆடுகிறது. தானும் போகப் போவதாக மித்ரா சாப்பிடும்போது சொன்னாள். அவளே கோச்சிடம் பேசியிருக்கிறாள். ஜெர்சி போட்டுப் பெஞ்சில் உட்காரலாம், தண்ணீர் பாட்டில் பார்த்துக்கொள்ளலாம், பெயர் மட்டும் பட்டியலில் வராது என்று சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணும் தோணாதாடீ உனக்கு?" என்று மேகலா கேட்டாள்.

"தோணும். அதான் கொஞ்ச நாளா பழகிட்டு இருக்கேனே" என்று டி.வி. பக்கம் தலையை ஆட்டினாள். "மொதோ நாள் கேம்லயே அழுகை வந்துச்சு. இப்ப வர்றதில்ல. நீயும் வரணும்பா."

அன்றைக்கு எனக்கு ட்யூட்டி என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ட்யூட்டி இல்லை. மேகலாவுக்கும் அது தெரியும். இருவரும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். மித்ரா தன் பழைய ஏழாம் எண் ஜெர்சி போட்டிருந்தாள். காலில் சாதாரணச் செருப்பு.

வீடு அமைதியாக இருந்தது. கேம் போட்டேன். என்னுடைய ஆட்டத்தை அல்ல, அவளுடையதை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை எடுத்து வலது ஓரத்தில் நிறுத்தினேன். ஸ்டாமினாவைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று தெரியவில்லை, கை போகவில்லை.

முதல் பந்திலேயே பறந்தாள். தொண்ணூறு வேகம். இரண்டாவது பந்து, மூன்றாவது பந்து. பிறகு அவள் பெயருக்குக் கீழே இருந்த பச்சைக்கோடு சுருங்கிச் சிவப்பானது. பந்து வெளியே போயிருந்தது. எல்லோரும் நின்றார்கள். அவள் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றாள். மூச்சு வாங்க முதுகு ஏறி இறங்கியது. முடி முகத்தை மறைத்திருந்தது.

நான் பொத்தான் எதையும் அழுத்தவில்லை. ஆட்டம் தானாகத் தொடங்கியது. பந்து அவள் பக்கமே வந்தது, மெதுவாக, யாரும் துரத்தாமல். அவளால் போக முடியவில்லை. போகத்தான் பார்த்தாள்.

அடிபடுவதை நிறுத்தி வைத்திருந்தேன் அல்லவா, அதை எப்போதோ மறுபடி திறந்து வைத்திருக்கிறாள். எந்த நேரத்திலும் விழுந்துவிடுவாள். ஆட்டத்தை நிறுத்தி, பட்டியலைத் திறந்து, அவளை வெளியே எடுத்தேன். மாற்று ஆட்டக்காரி உள்ளே போனாள். சங்கமித்ரா மெல்ல நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரோ அவள் தோளில் கோட்டைப் போர்த்தினார்கள்.

வாய்விட்டு அழுதேன். வீட்டில் யாரும் இல்லாதது வசதியாக இருந்தது. ஏப்ரலிலிருந்து என் பிள்ளையை நான் களத்தை விட்டு வெளியே வரவே விடவில்லை. அவள் எப்போதோ வந்துவிட்டாள்.

முகம் கழுவிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன். இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. நல்ல கூட்டம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெஞ்சு, அதன் ஓரத்தில் மித்ரா. பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கள். களத்தில் ஜெசிந்தா ஓடிக்கொண்டிருந்தாள், காலில் ஏழுமலை வாங்கி வந்த பூட்ஸ். லேஸ் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சு பக்கவாட்டில் இருந்தது. அது மித்ரா கட்டிவிட்ட முடிச்சு.

யாரோ ஓங்கி அடித்த பந்து கோட்டைத் தாண்டி உருண்டு வந்து நேராக அவள் காலருகே நின்றது.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பந்தை அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். காலுக்கு அடியில் ஒரு இழுப்பு, முனையால் ஒரு தூக்கு, களத்துக்குள் இருப்பவளின் நெஞ்சுக்குப் போய்ச் சேரும். ஐந்து வயதிலிருந்து அப்படித்தான்.

மித்ரா எழுந்தாள். குனிந்தாள். பந்தை இரண்டு கைகளாலும் எடுத்தாள். எடுத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணை உள்ளங்கையால் துடைத்து, எறிய வந்த பெண்ணிடம் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

கயிற்றைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காரக் கூடாத இடம்தான், கோச் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார். கூட்டத்தில் மேகலாவைத் தேடினேன், எதிர்ப் பக்கத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ட்யூட்டி முடிஞ்சிருச்சா?" என்றாள் மித்ரா.

"முடிஞ்சிருச்சு."

கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தோம். அவள் கை என் கைக்குள் வந்தது. சில்லென்று, மண்ணோடு இருந்தது.

"கஷ்டமாதான்பா இருக்கு" என்றாள். "போகப் போகச் சரியாயிடும். உனக்கும்."

ஆகஸ்ட் 16, சனி

என்னுடைய தனி ஆட்டத்தை அழித்தேன். உண்மையிலேயே அழிக்க வேண்டுமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். இன்னொரு தடவை கேட்டது.

மேகலா இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். "எழுதி முடிச்சாச்சா? அது புள்ளைக்கு ஆகுமா, ஆகாதா?"

"பிள்ளைக்கு ஆகும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறு யாருக்காவது ஆகாதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.